கேஸ் அலாரம் சும்மா கத்துகிறதா, கத்தவே மாட்டேன் என்கிறதா? முதலில் இடத்தைப் பாருங்கள்

"தம்பி, இது சும்மா சும்மா கத்துது. கழட்டிட்டுப் போயிருங்க."

மதுரைப் பக்கம் வீட்டு வயரிங் வேலை பார்க்கும் எனக்கு இந்த ஒரு வரியோடு வரும் போன்கள் அதிகம். போய்ப் பார்த்தால் கருவியில் கோளாறு இருப்பது அபூர்வம். அது மாட்டியிருக்கிற இடம்தான் கோளாறு. சமையலறையில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே சொருகிவிடுகிறார்கள். நம் வீடுகளில் அந்தப் பாயிண்ட் மேடைக்கு மேலே, மிக்ஸிக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கும். சிலிண்டர் கேஸுக்கு அதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. வேண்டாதபோது கத்தும், வேண்டியபோது ஊமையாக இருக்கும்.

அதனால் கருவியை மாற்றக் காசு எடுத்து வைக்கும் முன், உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

## இப்போதே கத்திக்கொண்டிருக்கிறதா?

அப்படியானால் படிப்பதை நிறுத்துங்கள். "வழக்கமாகக் கத்துறதுதான்" என்று நினைக்காமல், உண்மையான கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பும் சாமி விளக்கும் எரிந்தால் அணைத்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். "கேஸ் வெளியே போகட்டும்" என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறவர்கள் உண்டு. பொறி அங்கேதான் பிறக்கும். அலாரத்தின் பிளக்கைப் பிடுங்குவதும் இதே கணக்குதான், அது பாட்டுக்குக் கத்தட்டும்.

வாடை நிற்கவில்லை என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் நைலான் கயிற்றோடு தொங்குமே அந்த வெள்ளை மூடி, அதை அழுத்தி மாட்டுங்கள். எல்லாரும் வெளியே வந்தபிறகு, வெளியிலிருந்தே 1906-க்குப் போன் செய்யுங்கள். எல்பிஜி கசிவுக்கான அவசர எண் அது, நாள் முழுக்க இயங்கும். அறை நன்றாகக் காற்றாடி, அலாரமும் அடங்கியபிறகு மற்றதைப் பார்க்கலாம்.

## சமைக்கும்போது மட்டும் கத்துகிறது

இங்கேயும் முதல் சந்தேகம் கேஸ் மேலேயே இருக்கட்டும். பால் பொங்கி வழிந்து ஒரு பர்னரை அணைத்திருக்கும், பக்கத்து பர்னர் எரிவதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சிம்மில் வைத்த தீயை சீலிங் ஃபேன் காற்று ஊதி அணைத்திருக்கும். லைட்டர் பிடிக்காமல் நாலைந்து தடவை டிக் டிக் என்று அடிக்கும்போது, குமிழ் திறந்தே இருப்பதால் கேஸ் வந்துகொண்டேதான் இருக்கும். இதற்கெல்லாம் கத்தினால் அலாரம் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பர்னர் ஓட்டைகளை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, லைட்டரை மாற்றுங்கள்.

அடுப்பு சரியாக எரிகிறது, ஆனாலும் கத்துகிறதா? எந்த நேரத்தில் என்று ரெண்டு நாள் கவனியுங்கள். மிளகாய் வற்றல் தாளிக்கும்போதா, குக்கர் விசில் அடிக்கும்போதா, அப்பளம் பொரிக்கும்போதா? இந்த மலிவான கருவிகளில் இருக்கும் சென்சார், சூடேறிய ஒரு சின்ன உலோக ஆக்சைடுத் துண்டு. எல்பிஜிக்கு மட்டும்தான் மசியும் என்றில்லை; எண்ணெய்ப் புகை, சாராய ஆவி, சென்ட், ஸ்பிரே எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் மசியும். அடுப்புக்கு ரெண்டடி தள்ளி, அதே மேடை உயரத்தில் மாட்டினால் தினமும் அதன் மூக்கில் தாளிப்புப் புகையை ஊதுகிற மாதிரிதான்.

இடம் மாற்றுவதுதான் இதற்கு வைத்தியம். சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழும்பாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவும். அதனால் சென்சாரின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கவேண்டும். சாண் எல்லாருக்கும் ஒன்று கிடையாது என்பவர்களுக்கு: அரையடிக்குக் கீழே வேண்டாம், ஓரடிக்கு மேலே வேண்டாம். சிலிண்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், நாலு மீட்டரைத் தாண்டவேண்டாம். நம் சமையலறை எட்டுக்குப் பத்து என்றால் எதிர்ச் சுவரின் அடிப்பகுதியே போதும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கீழே மாட்டவேண்டும் என்றதும், "அப்ப கீழ ஒரு பிளக் பாயிண்ட் அடிச்சுக் குடுங்க" என்பார்கள். நான் அடித்துக் கொடுப்பதில்லை. சிலிண்டர் பக்கத்தில், கேஸ் தேங்குகிற உயரத்தில் ஒரு பிளக்கும் சுவிட்சும் வைப்பது, திருடனுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு மணி கட்டுகிற கதை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துத் தரையில் போடுவது அதைவிட மோசம். பிளக் மேலே, மூக்கு கீழே. இதுதான் நான் செய்வது. அடாப்டரோடு வருகிற, சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் வகையை வாங்கச் சொல்வேன். அடாப்டர் மேடைக்கு மேலேயுள்ள பாயிண்டில் இருக்கும். அதன் மெல்லிய வயரைக் கேசிங் பட்டைக்குள் விட்டுச் சுவரோரமாகக் கீழே இறக்கி, ஒரு சாண் உயரத்தில் கருவியை மாட்டிவிடுவேன். பிளக் கால்கள் முதுகிலேயே ஒட்டியிருக்கும் வகை நம் சமையலறைக்குச் சரிப்பட்டு வராது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிட்டு அப்புறம் என்னைக் கேட்காதீர்கள்.

மாட்டும் முன் ஒரு சின்ன சோதனை. நியூஸ்பேப்பரிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு நீளக் கீற்று கிழித்து, நினைத்திருக்கும் இடத்தில் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஃபேன் ஓடட்டும், பின்கதவு வழக்கம்போலத் திறந்திருக்கட்டும். கீற்று படபடவென்று ஆடினால் அது காற்றோட்டப் பாதை. கசிகிற கேஸ் சென்சாரைத் தொடாமலே போய்விடும். நாலடி நகர்த்துங்கள். அதற்காகக் காற்றே அசையாத மூலைக்குள்ளும் போகாதீர்கள். பீரோவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குப் பின்னால், தொங்கும் துணிக்குப் பின்னால் எல்லாம் கூடாது.

இடம் சரி, இன்னும் தாளிப்புக்குக் கத்துகிறது என்றால் வலை முகப்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். பிளக்கை எடுத்துவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சோப்புத் தண்ணீர், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதுவும் அதன் அருகில் போகக்கூடாது. அதற்கும் மசியவில்லை என்றால் கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

## அடுப்பே எரியாத நேரத்தில், குறிப்பாக ராத்திரியில் கத்துகிறது

இதை நான் லேசில் விடுவதில்லை. அடுப்பு எரியாதபோது கத்துகிற அலாரத்தை நம்புங்கள்.

ஒரு வீட்டில் ரெண்டு ராத்திரி தொடர்ந்து கத்தியிருக்கிறது. பெரியம்மா எழுந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் நான் போய் மேடைக்கு அடியில் டார்ச் அடித்தேன். பழைய பச்சை ரப்பர் டியூபில், சுவரோரம் உரசுகிற இடத்தில், வரிசையாக நாலு பல் தடம். எலி. விரலால் வளைத்தால்தான் பிளவு தெரிந்தது. பகலில் ஜன்னல் திறந்திருப்பதால் கேஸ் தங்கவில்லை, ராத்திரி எல்லாவற்றையும் சாத்தியபின் தங்கியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த வரிசையில் பாருங்கள். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடினீர்களா? மேடை துடைத்த துணி அடுப்புக் குமிழைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறதா? ரெண்டும் காசில்லாத காரணங்கள், ரெண்டும் அடிக்கடி நடப்பவை. அப்புறம் டியூப். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபாக இருந்தால் உள்ளே கம்பி வலை உண்டு, எலி எளிதில் கடிக்க முடியாது. ஆனால் அதற்கும் ஆயுள் அஞ்சு வருடம்தான், தேதி டியூப் மேலேயே அச்சடித்திருக்கும். தாண்டியிருந்தால் பார்க்க எவ்வளவு புதுசாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நடுவில் வெட்டி ஒட்டுப்போட்ட டியூபைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது.

டியூப் சரியென்றால் சோப்பு நுரை. ஒரு கிண்ணத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து நுரைக்க அடித்து, ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்பை மூடிய நிலையில் தடவுங்கள். சிலிண்டர் வாய், ரெகுலேட்டர் கழுத்து, டியூபின் ரெண்டு முனைகள், அடுப்புக் குமிழ்களின் அடிப்பக்கம். குமிழி ஊதிக்கொண்டே வருகிற இடம்தான் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வேலை எந்தக் காலத்திலும் வேண்டாம்.

சிலிண்டர் வாயில் குமிழி வந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கறுப்பு வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது விழுந்திருக்கும். புது சிலிண்டர் மாட்டிய அன்றைக்கே ராத்திரி கத்தினால் என் முதல் சந்தேகம் அதுதான். நீங்களே குத்தி எடுத்து மாற்றவேண்டாம். வெள்ளை மூடியைப் போட்டு ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ரெகுலேட்டர் கழுத்தில் கசிந்தாலும், அடுப்புக் குமிழுக்கு அடியில் கசிந்தாலும் அதே மெக்கானிக்தான். எலக்ட்ரீஷியன் இதில் கை வைக்கக்கூடாது, நானும் வைப்பதில்லை.

எங்கும் குமிழியே இல்லை, ஆனாலும் கத்துகிறதா? இப்போது மற்ற சந்தேகங்களுக்கு வரலாம். படுக்கும் முன் கரப்பான்பூச்சி ஸ்பிரே அடித்தீர்களா? பல ஸ்பிரே டப்பாக்களில் மருந்தைத் தள்ளிவிடுவதே பியூட்டேன், புரோபேன்தான், அதாவது நம் சிலிண்டர் கேஸின் தம்பிகள். மேடைக்கு அடியில் அடித்தால் அலாரம் கத்தாமல் என்ன செய்யும்? சாம்பிராணி, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம், சானிடைசர், வீட்டில் புதுப் பெயிண்டின் தின்னர் வாடை எல்லாம் இதே கணக்கு. அலமாரிக்கு லேமினேட் ஒட்டிய வீட்டில் பசை வாடை போகும்வரை நாள் கணக்கில் கத்தியதைப் பார்த்திருக்கிறேன். காற்றாட விட்டால் தானாக அடங்கும்.

கடைசியாக, தரையில் தண்ணீர் போகிற ஓட்டை. அலாரம் அதற்கு நேர் மேலே இருந்து, ஓட்டைக்குள் தண்ணீர்த் தடுப்பு காய்ந்துபோயிருந்தால் சாக்கடை வாயு ஏறி வரும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடங்கினால் காரணம் அதுதான். கருவியை மூன்று நாலடி தள்ளி மாட்டுங்கள்.

## மூக்குக்கு வாடை வருகிறது, அலாரம் கத்தவில்லை

இந்தக் கட்டுரையிலேயே நீங்கள் பயப்படவேண்டிய தலைப்பு இதுதான். சும்மா கத்துவது தொந்தரவு. கத்தாமல் இருப்பது ஆபத்து.

முதலில் மூக்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். எல்பிஜிக்குத் தனியாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றச் சரக்கைக் கலக்கிறார்கள். அது துளி கலந்தாலே மூக்கு பிடித்துவிடும். அலாரமோ, காற்றில் ஓரளவு கேஸ் சேர்ந்தபிறகுதான் கத்தும்படி அமைத்திருப்பார்கள். காற்றில் சுமார் 2 சதவீதம் எல்பிஜி கலந்தால் தீப்பிடிக்கும். அந்த அளவில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி அலாரம் கத்தவேண்டும். ஆக, மூக்கு முந்திக்கொள்வது சகஜம். சிலிண்டர் தீரப்போகிற ரெண்டு மூன்று நாளில் வாடை தூக்கலாக இருப்பதும் இப்படித்தான்: நாற்றச் சரக்கு கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் அடியில் மிஞ்சிவிடுகிறது. ஆனாலும் ஒரு தடவை சோப்பு நுரை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

லேசான வாடையாக இல்லாமல் குப்பென்று அடித்தும் கத்தவில்லை என்றால், இப்படிப் போங்கள்.

பிளக் சொருகியிருக்கிறதா? சிரிக்காதீர்கள். சட்னி அரைக்க மிக்ஸி பிளக்கைச் சொருகுவதற்காக அலாரத்தைப் பிடுங்கியிருப்பார்கள், திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். நான் பார்க்கும் ஊமை அலாரங்களில் மிகச் சாதாரணமான காரணம் இதுதான். அதற்குத் தனி பாயிண்ட் கொடுத்து, சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

சொருகியிருந்தால், எந்த உயரத்தில்? மேடை உயரத்தில் இருந்தால் அதுவே பதில். கேஸ் முழங்காலுக்குக் கீழே பரவிக்கொண்டிருக்கும், சென்சார் நெஞ்சு உயரத்தில் சுத்தமான காற்றை முகர்ந்துகொண்டிருக்கும்.

உயரமும் சரியா? அப்படியானால் தரையின் வாட்டத்தைப் பாருங்கள். சமையலறையைவிட ஹால் ஒரு படி தாழ்ந்திருந்தால் கேஸ் அந்தப் பக்கம் இறங்கிவிடும். அலாரம் சமையலறையின் உள்மூலையில் இருந்தால் அதற்குத் தெரியவராது. சிலிண்டரிலிருந்து அந்தப் படிக்குப் போகும் வழியில், சுவரோரம் மாட்டவேண்டும். உயரமான வாசல்படி இருந்தால் நல்லது, அது கேஸைச் சமையலறைக்குள்ளேயே தேக்கி அலாரத்துக்குக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது அலமாரி. இப்போது கட்டுகிற வீடுகளில் சிலிண்டரை மேடைக்கு அடியில் ஒரு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஒரு ஃபிளாட்டில் அந்தக் கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை வேறு ஒட்டியிருந்தது, கரப்பான் வராமலிருக்க. அலாரம் வெளியே சரியாக ஒரு சாண் உயரத்தில். கதவைத் திறந்தால் மட்டும் வாடை. உள்ளே இருந்த கேஸ் வெளியே வந்தால்தானே அலாரத்துக்குத் தெரியும்? ரப்பர் பட்டையைப் பிடுங்கினோம். கதவின் அடி விளிம்பை ஒட்டி வரிசையாகக் காற்று ஓட்டைகளும் மேலே ரெண்டும் போடச் சொல்லி ஆசாரியைக் கூப்பிட்டோம். அலாரத்தை அந்த ஓட்டைகளுக்கு எதிரே கொண்டுவந்தோம். கருவியை அலமாரிக்குள்ளேயே மாட்டலாமே என்பார்கள். சிலிண்டர் மாற்றுகிறவர் ஒரு இடி இடித்தால் போயிற்று, போதாததற்குக் கேஸ் நிறைகிற பெட்டிக்குள் மின்சாரத்தையும் கொண்டுபோகிறோம். எனக்கு உடன்பாடில்லை. இடம் இருந்தால் சிலிண்டரையே வெளியே, காற்றாடும் இடத்தில் வைப்பதுதான் மேல்.

எல்லாம் சரி, இன்னும் சந்தேகம் என்றால் சோதித்துவிடலாம். கருவியில் டெஸ்ட் என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கத்துவது சத்தப் பெட்டி நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று அது சொல்லாது. சென்சாரைச் சோதிக்க, கருவியோடு வந்த தாள் வேண்டாமென்று சொல்லியிருந்தாலொழிய, சிகரெட் லைட்டரின் கேஸ் போதும். ரெகுலேட்டரை மூடி, எங்கும் தீ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, லைட்டரைப் பற்றவைக்காமல் நாலு விரல் தள்ளிப் பிடித்து ஒரே நொடி மட்டும் கேஸை விடுங்கள். அரை நிமிடத்துக்குள் கத்தவேண்டும். பெட்ரோல் துணி, மண்ணெண்ணெய் வேண்டாம். நீளமாக ஊதவும் வேண்டாம், அளவுக்கு மீறிய கேஸ் சென்சாரையே கெடுக்கும். அடுப்புக் குமிழைத் திறந்துவிட்டு "கத்துதா பாப்போம்" என்று காத்திருந்த ஒரு அண்ணனைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். லைட்டருக்கும் கத்தவில்லையா? கருவி செத்துவிட்டது. புதுசு வாங்குங்கள்.

## வீடு கழுவிய அன்றைக்கோ மழைக்காலத்திலோ கத்துகிறது

கீழே மாட்டச் சொன்னவன் நான்தான், அதனால் இந்தப் பழியும் எனக்குத்தான். வெள்ளிக்கிழமை சமையலறையைத் தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தள்ளிக் கழுவும் வீட்டில், ஒரு சாண் உயரத்தில் இருக்கும் கருவியில் தண்ணீர் தெறிக்காமல் இருக்காது. இப்படிப்பட்ட வீடுகளில் ஓரடிக்கு ஏற்றி மாட்டுவேன். அந்த எல்லையைத் தாண்டமாட்டேன். கழுவும்போது பிளக்கை எடுத்துவிட்டு ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்துவிடலாம், ஆனால் முடிந்ததும் பையை எடுக்க மறக்கக்கூடாது. பையோடே பல வாரம் கிடந்த அலாரமும் உண்டு.

பினாயில் தெளித்துத் துடைத்தாலும் சில கருவிகள் கொஞ்ச நேரம் கத்தும், தரை காய்ந்ததும் நின்றுவிடும். தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் ரெண்டு நாள் நிழலில் காயவிட்டு, லைட்டர் சோதனை செய்து பாருங்கள். ஈரச் சுவரில், குளியலறைக்கு ஒட்டிய சுவரில் மாட்டியிருந்தால் மழைக்காலம் முழுக்க நச்சரிக்கும். சுவரை மாற்றுவதுதான் வழி.

## விளக்கு எரியவில்லை, அல்லது டிக் டிக் என்று விட்டுவிட்டுச் சத்தம்

கரண்ட் போய் வந்ததும் ரெண்டு மூன்று நிமிடம் விளக்கு சிமிட்டும், ஒன்றிரண்டு தடவை பீப் அடிக்கும். சென்சார் சூடேற எடுத்துக்கொள்ளும் நேரம் அது, கோளாறில்லை. புதுக் கருவியும் முதல் ஒன்றிரண்டு நாள் நிலைகொள்ளாமல் கத்தலாம்.

விளக்கே வரவில்லை என்றால் அந்த பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் பாயிண்ட் சரி, அடாப்டர் போயிருக்கும். அடாப்டர் மட்டும் தனியாகக் கிடைக்கும். பழையதில் எழுதியிருக்கும் அதே வோல்ட்டில் வாங்கவேண்டும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் மட்டும் அணைந்துவிடுகிறதா? வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் சமையலறை பிளக் அந்த லைனில் இருக்காது. பெரும்பாலும் லைட், ஃபேன் மட்டும்தான் இன்வெர்ட்டரில் விடுவார்கள். அலாரத்தின் பாயிண்டை அந்த லைனுக்கு மாற்றுவது ஒரு எலக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலை. நீங்களே பெட்டியைத் திறக்கவேண்டாம்.

## குழாய் கேஸ் வந்தபிறகு அலாரம் எதற்கும் அசையவில்லை

தமிழ்நாட்டின் சில ஊர்களில் குழாய் கேஸ் இணைப்பு வரத் தொடங்கிவிட்டது. அது மீத்தேன். சிலிண்டர் கேஸுக்கு நேர் எதிர்: காற்றில் பாதியளவுதான் கனம், கசிந்தால் கூரைக்கு ஏறும். பழைய அலாரம் கீழேயே இருந்தால் பயனில்லை. கூரையிலிருந்து ஓரடிக்குள், கதவு ஜன்னல்களின் மேல் விளிம்பைவிட உயரத்தில் மாட்டவேண்டும். சுவரும் கூரையும் சந்திக்கும் மூலைக்குள் திணிக்கவேண்டாம், அங்கே காற்று சரியாகப் புரளாது. நம் சமையலறைகளில் பரண் ஒன்று குறுக்கே நிற்கும். பரணுக்கு அடியில் மாட்டாதீர்கள், அடுப்பு இருக்கும் பக்கம் திறந்த கூரைக்குக் கீழே மாட்டுங்கள். உத்தரம் ஓடினால் உத்தரத்துக்கு அடுப்புப் பக்கம். ஃபேனுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் பக்கத்தில் வேண்டாம்.

இடம் மாற்றும் முன் பெட்டியில் மீத்தேன் அல்லது இயற்கை எரிவாயு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்பிஜி என்று மட்டும் இருந்தால் கருவியையும் மாற்றவேண்டும். குழாயில் கசிவு சந்தேகம் வந்தால், வீட்டுக்குள் வரும் குழாயின் வால்வை மூடிவிட்டு இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண்ணை மீட்டர் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

## கேஸ் கீசர் ஓடும்போது தலை சுற்றுகிறது, அலாரம் சும்மா இருக்கிறது

சும்மாதான் இருக்கும். ஏனென்றால் கசிவது கேஸ் அல்ல. மூடிய குளியலறையில் காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது, உங்கள் எல்பிஜி அலாரம் அதைப் பிடிக்கும் என்று நம்பவும் முடியாது. தலைவலி, குமட்டல், கால் துவளுதல் என்று தொடங்கி, கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

யாருக்காவது அப்படி ஆனால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். அன்றோடு அந்தக் கீசரை நிறுத்துங்கள். இதில் எளிய சோதனை, மலிவான வைத்தியம் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றில் இருக்கவேண்டும். உள்ளே தண்ணீர்க் குழாய் மட்டும் வரவேண்டும். மாற்ற முடியாத வீட்டில் மின்சாரக் கீசருக்குப் போவதே மேல். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாகக் கிடைக்கிறது. அந்த வாயு ஏறக்குறைய காற்றின் கனமே இருப்பதால் தரையும் வேண்டாம், கூரையும் வேண்டாம். நாம் மூச்சுவிடும் உயரம், கீசரிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி. குளியலறை ஈரம் அதற்கு ஆகாது, வெளியே அறைப் பக்கம் மாட்டுங்கள்.

## இடம் மாற்றியும் அடங்கவில்லை

கருவியின் பின்பக்கம் தயாரித்த தேதி இருக்கும். இந்த வகைச் சென்சார்களுக்கு அஞ்சு வருடம் என்பது நல்ல ஆயுள். தாண்டியிருந்தால் பழுது பார்க்க நினைக்கவேண்டாம்.

அதற்குள்ளேயே கெட்டிருந்தால் சிலிகான் பசையைச் சந்தேகியுங்கள். மேடைக்கும் சுவருக்கும் இடையே இடுக்கு அடைக்கப் பயன்படுத்துவார்களே, அந்தப் பசை. அது காயும்போது வரும் ஆவி சென்சாரின் மேல் படிந்து அதை நிரந்தரமாக மரத்துப்போகச் செய்யும். கிரானைட்டில் ஓட்டை போட மனமில்லாமல் அலாரத்தையே அந்தப் பசையால் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்க்ரூ போடுங்கள். சமையலறையில் புது வேலை நடந்தால் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, வாடையெல்லாம் போனபிறகு மாட்டுங்கள்.

அப்புறம் கரப்பான். சென்சார் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், சமையலறைக் கரப்பானுக்கு அதைவிடச் சொகுசான வீடு கிடையாது. ஒருமுறை சும்மா கத்துகிறது என்று கொடுத்த கருவியின் மூடியை நெம்பித் திறந்தேன். சென்சாரின் வலைத் தொப்பியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் முட்டைக் கூடுகள், மிளகுத்தூள் போல எச்சப் பொடி, சர்க்யூட் அட்டையில் ரெண்டு கால்களை இணைத்துக்கொண்டு ஒரு செத்த குஞ்சு. பிரஷ்ஷால் தட்டியதும் கத்துவது நின்றது, ஆனால் லைட்டர் கேஸை விட்டபோது ஒரு நிமிடம் கழித்துத்தான் கத்தியது. நான் அதைத் திருப்பி மாட்டவில்லை.

கல்லூரிப் பையன்கள் எம்க்யூ-6 என்ற கேஸ் சென்சாரைத் தனியாக வாங்கி ஒரு போர்டில் செருகி, "அங்கிள், நானே செஞ்சது" என்று காட்டுவார்கள். திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் எந்த அளவில் கத்தவேண்டும் என்பதைத் திருகாணியைத் திருப்பி உத்தேசமாக வைத்திருப்பார்கள். அதோடு எக்ஸாஸ்ட் ஃபேனை ரிலேயில் இணைத்து, கேஸ் கசிந்தால் தானாக ஓடும்படி செய்திருந்தால் அதை அன்றே பிரித்துவிடச் சொல்வேன். காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.

புதுசு வாங்கினால் மாட்டிய தேதியை மார்க்கரால் அதன் வயிற்றிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சிலிண்டர் மாற்றுகிற அன்றைக்கு, ரெகுலேட்டர் மூடியிருக்கும் அந்த நேரத்திலேயே லைட்டர் சோதனையை முடித்துக்கொள்ளலாம்.